பஸ்ஸில் நீ சொன்ன முடிவு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலைச் சட்டைகளுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். சூடேறிய பருத்தித் துணியின் மணம். முதுகு வழக்கம்போல நொந்தது. தொலைக்காட்சியில் ஒருத்தி கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, ரயில் நிலையக் கோப்பிக்கடையில் காதலனுக்காகக் காத்திருந்தாள். அது நம்முடைய படமடி.

சுவிஸில் இந்த லா ஷோ-து-ஃபோன் ஊருக்கு வந்த புதிதில், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் உன் பக்கத்து மேசைதான் எனக்கு. எனக்குப் பிரெஞ்சு வராது. லண்டனில் இருந்தவன் என்னைக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, போன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தான். அவனை நம்பி, வந்த கலியாணப் பேச்சுகளையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். "எடியே, கொஞ்சம் வெளியில வா" என்று என்னைத் தியேட்டருக்கு இழுத்துப் போனாய். குதிரைவண்டிக் காலத்துக் காதல் நாவலொன்றை இன்றைய பாரிஸுக்கு மாற்றி எடுத்த பிரெஞ்சுப் படம். வசனத்தையெல்லாம் என் காதுக்குள் தமிழில் சொன்னாய். முன்வரிசைக் கிழவர் திரும்பித் திரும்பி முறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமையில் பஸ் குறைவு. முடிவைப் பார்க்காமலே எழும்பி ஓடினோம்.

"அவன் வருவானோ?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "இல்லையடி. நான் நாவலை வாசிச்சனான். அவன் வரேல்லை. அவள் எழும்பித் தன்ர பாட்டில வேலைக்குப் போயிட்டாள்."

வீடு வரும்வரை அழுதேன். அந்தக் கிழமையே லண்டன்காரனின் இலக்கத்தை அழித்தேன்.

இன்று அயர்னை நிறுத்திவிட்டுக் கடைசிவரை பார்த்தேன். அவன் வருகிறான். மழையில் நனைந்துகொண்டு ஓடி வருகிறான். பள்ளிக்கூடத்தில் அந்த நாவலைப் படித்த மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "ஓம் அம்மா, நாவலிலயும் வருவான்" என்றாள்.

கள்ளி! உன்னோடு சண்டை பிடிக்க வேணும்போல இருந்தது. நீ கண்ணை மூடி இது இரண்டாவது பனிக்காலம். யாரோடு பிடிப்பது? கோபப்படவும் களைப்பாக இருந்தது. ஒருவேளை லண்டன்காரனும் வந்திருப்பானோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வந்திருக்க மாட்டான். அது எனக்கும் அப்போதே தெரியும். யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

நீ முன்னின்று கட்டிவைத்த என் மனுசன், படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசல் பனியை வழிக்கப் போனவர், சப்பாத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"படம் முடிஞ்சுதோ? அவன் வந்தவனோ?"

"இல்லை" என்றேன். "அவன் வரேல்லை. அவள் எழும்பித் தன்ர பாட்டில வேலைக்குப் போயிட்டாள்."