எங்கள் வீட்டு மூலம்

மே 6
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொடித்துணியெல்லாம் தெர்மல் பவர் ஸ்டேஷன் சாம்பல். எனக்குக் குடல் கேன்சர் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து பிளாக்கில் எல்லாரும் டாக்டர். எதிர் குவார்ட்டர்ஸ்காரர்: "எல்லாம் இந்தச் சாம்பல் காத்துதாங்க." அதே காற்றைத்தானே அவரும் இழுக்கிறார்? வாயை மூடிக்கொண்டு போனால் என்ன.

மே 8
செக்கப். பீடி கூடாது, குடி கூடாது, கறி குறை, நட. எல்லாம் ஆச்சு. பிறகு டாக்டரம்மா, "குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் இருந்துச்சா?" இல்லை, அப்பாவுக்கும் அத்தைக்கும் வெறும் மூலம், ரத்தம் போய்ப் போய்ச் செத்தார்கள் என்றேன். பேனாவை வைத்துவிட்டார்.
"மூலம்னு யார் பாத்துச் சொன்னாங்க?"
யாரும் பார்க்கவில்லை. ரத்தம் போனால் உடம்புச் சூடு, மூலம். அவ்வளவுதான் எங்கள் வீட்டில். அந்த இடத்தைப் போய் யாரிடம் காட்டுவது?
பரம்பரையாக இருந்தால் மிச்சக் குடலிலும் வரலாமாம். மரபணு டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். பயமாக இருக்கிறது.

ஜூன் 2
ரிசல்ட். பரம்பரைதான். கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நேராகப் பஸ், குறிஞ்சிப்பாடி, தம்பி வீடு. விஷயத்தைச் சொன்னதும் சேகர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான்.
"பொண்ணுக்கு சம்பந்தம் பேசிக்கினு இருக்கோம். நீ பாட்டுக்கு வூட்டுக்கு வந்து கேன்சர் கேன்சர்னு கத்திக்கினு இருக்க. நம்ம வூட்டுல எல்லாருக்கும் மூலம்தான். புரியுதா?"
"உனக்கும் இருந்தா?"
"எனக்கு ஒரு மண்ணும் இல்ல. நிச்சயம் முடியறவரைக்கும் இந்தப் பக்கம் வராத."
காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். ராஸ்கல். எக்கேடோ கெடட்டும்.
வாங்க வேண்டியது: புடலங்காய், கீரை, பல்பு.

ஜூன் 3
கோபம் தீரவில்லை. மல்லிகா, "உங்க தம்பிதானே, ஒரு போன் பண்ணுங்க" என்கிறாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அவன் காலில் விழணுமா? மாட்டேன்.

ஜூன் 5
மழை போக்குக் காட்டிவிட்டு ஓடிவிட்டது. சாயங்காலம் ஸ்கூட்டியில் நித்யா, சேகர் மகள். தனியாக.
"என்ன, உங்கப்பன் தூதா?" எரிந்து விழுந்தேன்.
ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நின்றாள். "அன்னைக்கு நீங்க பேசுனது கேட்டுச்சு பெரியப்பா. அந்த டாக்டரம்மாகிட்ட என்னைக் கூட்டிக்கினு போறீங்களா?"
"எதுக்கு?"
"பொங்கல்லேர்ந்து ரத்தம் போவுது. அப்பாதான் மூலத்து மருந்து வாங்கியாந்து குடுக்குறாரு."
தெரிந்தேதான் கதவைச் சாத்தியிருக்கிறான்.
காலையில் முதல் டோக்கன் போட வேண்டும். அந்தப் பாவி குறுக்கே வரட்டும், பார்க்கிறேன்.