காலண்டரோடு வைத்த புரதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று சாயங்காலம் நாலு பத்துக்கு ஒரு செய்தி வந்தது. பயப்படாதீர்கள், வேலை விஷயம்தான். பாருங்கள், ஸ்தோத்திரம் சொல்லக்கூட மறந்துவிட்டேன். கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரை போடுகிறாரா?

எங்கள் லேபுக்கு வந்த ‘காம்ப்ளிமென்ட்’ புரதம் கெட்டுவிட்டது. மனித ரத்தத்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்தது; கிருமியை எதிர்க்க உடம்புக்குத் துணை நிற்பது. ஃப்ரீசரில் வைக்க வேண்டிய பார்சலை ஸ்டோர்ஸ் லோகு அலமாரியில், கம்பெனிகள் இலவசமாகத் தரும் காலண்டர்களோடு வைத்துவிட்டான்.

“கம்ப்ளிமென்ட்னு போட்டுக்கீது. கம்பெனிக்காரன் ஃப்ரீயா குட்த்துக்கிறான்னு நென்ச்சிக்கினேன் சார்.”

“காலண்டரை யாராவது ஐஸ்ல வச்சு அனுப்புவாங்களா?” என்று கத்திவிட்டேன்.

“இன்னா சார், இதுக்குப் போயி பேஜாராயிக்கினு? வுடு, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.”

அதைக் கேட்டதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. என் ஷைனி இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை; வேறு பெண் பார்க்கலாம் என்று நீங்களும் தினமும் போனில் இதையேதானே சொல்கிறீர்கள்?

கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் யாராவது வந்தால் சின்ன குக்கர் ஒன்று கொடுத்துவிடுங்கள். இந்தக் குக்கரில் ஒரு ஆளுக்கு வைத்தால் அடிப்பிடிக்கிறது. பெண்ணின் போட்டோ எதுவும் அனுப்பாதீர்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிறது. போனை அணைத்துவிட்டேன்.

ஜெபின்