குருவி வீட்டு ஒலிபெருக்கி

அன்பு மகள் உயெனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். ஜப்பானில் குளிர் இறங்கியிருக்கும், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

உழவாரக் குருவிகள் வந்து கூடு கட்டட்டும், சூப் வைக்க அந்தக் கூட்டை நல்ல விலைக்கு விற்கலாம் என்று பக்கத்து வீட்டு தாம் மாமா மாடியில் ஒலிபெருக்கி வைத்துக் குருவிச் சத்தம் போட்டாரே, நீகூடக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் பரீட்சைக்குப் படித்தாய், அதற்கு இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டது. ஊருக்குள் சத்தத்துக்கு ஓர் அளவு, பொழுது சாய்ந்தால் அறவே கூடாது. போன வாரம் அதிகாரிகள் சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார்கள். அளவு தாண்டியிருந்தது. குறைக்காவிட்டால் அபராதம் என்றதும் மாமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “சத்தத்தக் கொறச்சா குருவியெல்லாம் வேற வீட்டுக்குப் போயிடும்மா, என் பொழப்பே போச்சு” என்று அந்த அதிகாரிப் பெண்ணிடம் புலம்பினார். இந்தச் சத்தத்தால்தானே அப்பா அவரோடு வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தார்? அந்த அப்பாவே எழுந்து போய், “கூடு கட்டுன குருவி எங்கடா போவப்போவுது? நாள் பூரா ஒம் மாடி கத்துச்சே, நான் ஒருநாளாவது ஒன் வீட்டுக்கு வந்தேனா? அத நிறுத்து, நானே வரேன்” என்றார். மாமா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு தானே மாடியேறி ஒலிபெருக்கியை நிறுத்தினார். புதிதாக வந்த குருவிகள் சில போய்விட்டன. பழையவை அந்தியில் திரும்பி வந்துவிடுகின்றன.

அன்று சாயங்காலம் சந்து எவ்வளவு அமைதி தெரியுமா. படகுத்துறையின் சங்கு கேட்டது. தெருமுனையில் நூடுல்ஸ் சூப் வண்டிக்காரர் கட்டை தட்டும் ஓசை கேட்டது. அதைக் கேட்டதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடுவாயே, அந்த நினைப்பில் “உயென், வண்டி வந்துடுச்சுடி” என்று கூப்பிட்டே விட்டேன். அப்புறம் நானே போய் ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். உனக்குப் பிடித்த மாதிரி வெங்காயத்தாள் தூக்கலாகப் போடச் சொன்னேன்.

இப்போது அப்பாவும் மாமாவும் தினமும் சதுரங்கம் ஆடுகிறார்கள். இத்தனை வருஷச் சத்தத்தில் இரண்டு பேருக்கும் காது மந்தம். “யானைய எடுடா!” “எந்த யானண்ணே?” என்று போடுகிற கூச்சலில், அந்த அதிகாரிகளை மெஷினோடு மறுபடியும் வரச் சொல்லலாமா என்று எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள்.

தொழிற்சாலையில் மறக்காமல் காதடைப்பான் போட்டுக்கொள். முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன், நீ நன்றாக இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அப்பாவிடம் கத்திப் பேசு. என்னிடம் மெதுவாகவே பேசலாம், எனக்கு இப்போது எல்லாம் கேட்கிறது.

உன் அம்மா,
நுவான்
ராச் யா நகரம்