இருபத்திரண்டு குமிழ்

செவ்வாய், ஆகஸ்ட் 5

காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட சேலை இரண்டு தடவை பக்கத்து வீட்டு முருங்கையில். திருத்த வேண்டிய பேப்பர் இன்னும் நாற்பது. தொடவில்லை.

சாயந்திரம் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. கொயர் லீடர் செல்வின் அண்ணன் மறுபடியும் ஆரம்பித்தார். "மக்கா, புது கீபோர்டுல ஆயிரம் டோன் இருக்கு. பட்டன அமுக்கினா வயலின். நீ எதுக்கு இந்தப் பழைய சிந்தசைசர வச்சுத் திருகிட்டுக் கெடக்க?"

ஞாயிறு அசனப் பண்டிகை, சர்ச்சில் எல்லோருக்கும் விருந்து. அன்றைக்கு என் மிஷின், நான் காசு போட்டு வாங்கிய இந்த சிந்தசைசர், நன்றாகக் கேட்டால் இருக்கும். இல்லாவிட்டால் கமிட்டியில் சொல்லிப் புதுசு வாங்கிவிடுவாராம்.

ஆயிரம் டோனாம். ஆயிரமும் எவனோ சமைத்து ஆறவைத்தது.

வியாழன், 7

தூறல். தேடின சத்தம் கிடைத்துவிட்டது!

பள்ளி விட்டதும் சர்ச்சுக்குப் போய் இரண்டு மணி நேரம். இரண்டாவது சுருதியை மயிரிழை அளவு விலக்கி, மேல்சத்தத்தை வடிகட்டும் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக... ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு நடுக்கம். விரல் போகப் போகக் காதும் கூடவே போகிறது. பட்டன் அமுக்குகிறவர்களுக்கு இந்தச் சுகம் எங்கே தெரியும்? கையெல்லாம் புல்லரித்தது.

இந்த மிஷினில் எதையும் சேமிக்க முடியாது. இருபத்திரண்டு குமிழ். ஒவ்வொன்றும் திருகி நிற்கிற இடம்தான் சத்தம். குறித்து வைக்கவில்லை. போட்டோவும் இல்லை. கைக்குத் தெரியும் என்று ஒரு திமிர். துணி போர்த்திவிட்டு வந்தேன்.

சனி, 9

தலைவலி. அசனத்துக்காக சர்ச் கழுவுகிற நாள். பெண்களுக்கு ஆளுக்கொரு மூலை. மிஷின் இருக்கும் மூலை ரோஸ்லின் மைனிக்கு. என் அண்ணன் பெண்டாட்டி. செருப்பு, காலண்டர், எதைக் கண்டாலும் நேராக்குகிற கை.

மதியம் போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு குமிழின் வெள்ளைக் கோடும் நேர் மேலே பார்த்து, பள்ளி அசெம்பிளி மாதிரி.

"எல்லாம் கோணல்மாணலா கெடந்துதுட்டி. தொடச்சு நேராக்கி வச்சேன். இப்பம் என்ன சீரா இருக்கு, பாத்தியா?"

மூன்று மணி நேரம் திருகினேன். வரவில்லை. கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

அருவருப்பு. ஈரத்துணி மேல், பினாயில் நாற்றத்தின் மேல், எல்லாவற்றுக்கும் மேலே என் திமிர் மேல். கடைசியில் ஆத்திரத்தில் மைனி வைத்தபடியே எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன்.

ஞாயிறு, 10

நல்ல வெயில். வாசித்தேன். காலர் டியூன் மாதிரி சப்பென்று ஒரு சத்தம்.

செல்வின் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னைக்குத்தாம் மக்கா சுருதி தெளிவா கேட்டுது! புதுசு ஒண்ணும் வாங்காண்டாம். இத இப்பிடியே வச்சுக்கோ. தொடாத."

நாலு பேர் பாராட்டினார்கள். அசனச் சோறு வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

திங்கள், 11

மேகமூட்டம். வாங்க வேண்டியது: சிவப்பு மை, உளுந்து.

பள்ளி முடிந்து சர்ச். ஒவ்வொரு குமிழின் கோட்டுக்கும் நேராக நெயில் பாலிஷ் பொட்டு. சிவப்பு. இருபத்திரண்டு.

"இனி யாரு திருகினாலும் பழைய எடத்துல வச்சிரலாம்லா," என்றாள் மைனி, கையில் பாலிஷ் பாட்டில். நல்ல மனசுதான்.

ஆட்டோ பிடித்து மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு குமிழைத் திருப்பினேன். வியாழக்கிழமைச் சத்தம் இல்லை, வேறு ஏதோ. நன்றாக இருந்தது. குறிக்கவில்லை.

செல்வின் அண்ணன் போன். "மிஷின எங்க? ஞாயித்துக்கெழம வருவியா?"

"நான் வாறேன் அண்ணா. அது வராது. நீங்க சொன்ன ஆயிரம் டோன் கீபோர்ட வாங்கிருங்க, பட்டன அமுக்குகேன்."

வாங்க வேண்டியதில் உளுந்தோடு நெயில் பாலிஷ் ரிமூவர், பெரிய பாட்டில். இருபத்திரண்டு பொட்டையும் அழிக்க வேண்டும்.