ஊக்கு மட்டும் திரும்பி வந்தது

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததுமே உனக்குக் கண் சொருகிவிடும் என்பதை நான் மறக்கவில்லை. ராத்திரியில் போன் செய்தால், "ஏண்டி, உங்க வூட்ல யாரும் தூங்கவே மாட்டீங்களா?" என்று திட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாய். இன்றைக்கு மட்டும் திட்டாமல் கேள். குழந்தை தூங்குகிறாள். இவரும் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மேசைமேல் ஒரு ஊக்கு கிடக்கிறது. என் மகளின் கவுனில் கைக்குட்டையைக் குத்திவிடும் ஊக்கு. மதியம் குத்தும்போது அதில் மஞ்சள் கைக்குட்டை ஒன்று இருந்தது, மூலையில் வாத்து போட்டது. ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வந்து கவுனைக் கழற்றினால் ஊக்கு குத்திய இடத்திலேயே, மூடியபடியே இருக்கிறது. கைக்குட்டையைக் காணோம். பிய்ந்துபோன நூல்கூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இந்த ஊக்கைத் திறக்கப் பாப்பாவுக்கு வராது. நானே பல்லால் கடித்துத்தான் திறப்பேன், அவ்வளவு இறுக்கம்.

உனக்கு அவளைத் தெரியாது இல்லையா. நீ போய் வெகு காலம் கழித்துப் பிறந்தவள். நாலு வயது. வாய் மட்டும் நாற்பது வயது. பிறந்தபோதே இருதயத்தில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். வளர வளரத் தானாக மூடிக்கொள்ளும், பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். மூடவில்லை. இப்போது மாடிப்படி ஏறினாலே உதடு நீலம் பாய்கிறது. சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாளை மறுநாள் காலை வண்டியில் போகிறோம். அதற்கடுத்த நாள் ஆபரேஷன்.

அவள் இதுவரை ரயிலில் ஏறியதில்லை. "அன்னிக்கு மிரண்டு அழுதா மூச்சு வாங்கும். மொதல்லயே ஒருவாட்டி கூட்டிப் போயி காட்டிடு" என்று இவர்தான் சொன்னார். அதனால் இன்று அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து, லாஸ்பேட்டையிலிருந்து நம் ஸ்டேஷனுக்குப் போனேன்.

நம் ஸ்டேஷனை இப்போது பார்த்தால் நீ யாரிடமாவது வழி கேட்பாய். இருதய ஆண்டவர் கோயில் மணி மட்டும் அதே இடத்திலிருந்து கேட்கிறது. மற்றபடி எல்லாம் புதிதாகக் கட்டுகிறார்கள். முன்பக்கம் முழுக்கத் தகர அடைப்பு. அதற்குப் பின்னால் பள்ளம், பள்ளத்தில் நட்ட இரும்புத் தூண்கள், ஓயாமல் சுற்றும் சிமெண்ட் வண்டி. வேலை முடிந்ததும் ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று பெரிய படம் ஒன்றை அடைப்பில் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவர், நகரும் படிக்கட்டு, பூந்தொட்டி. அதில் நிறையப் பேர் பெட்டியோடு நடக்கிறார்கள். யாருக்கும் முகம் வரையவில்லை.

"இவங்கள்லாம் யாரும்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"இனிமே வரப்போறவங்க."

"இல்ல. போனவங்க" என்றாள். குழந்தைப் பேச்சு என்று சிரித்துக்கொண்டு அவளை உள்ளே நடத்திக்கொண்டு போனேன்.

நாம் இருவரும் இந்த ஸ்டேஷனை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறோம். முதலில் குட்டி வண்டி வந்த காலம். ஓட்டுக்கூரை, பிரெஞ்சுக்காரன் கட்டிய தடித்த சுவர், கையை அகல விரித்தாலே எட்டிவிடும்போல் தோன்றும் குறுகிய தண்டவாளம். உங்கள் தெரு பின்னாலேயே இருந்ததால் ஸ்டேஷன்தான் உனக்கு வாசல். பிறகு அகலப் பாதை போடப்போகிறோம் என்று வண்டியை நிறுத்தினார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு அங்கே கருங்கல் ஜல்லியும் புல்லும்தான் கிடந்தன. பிளாட்பாரத்தில் ஆடு படுத்திருக்கும். நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் விளையாடுவோம்.

ஒருநாள் ஓடிப்பிடித்து விளையாடும்போது நீ சட்டென்று நின்றாய். குனிந்து, தண்டவாளமே இல்லாத ஜல்லியில் காதை வைத்தாய்.

"வருதுடி."

"எது?"

"வண்டி. ஆனா யாரும் எறங்க மாட்டாங்க."

நான் அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பின்னாலேயே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "யா அல்லா, இதுக்கே பயந்துட்டியா? சும்மா சொன்னேண்டி!" அப்போது நம்பினேன். சும்மா சொன்னவளுடைய கன்னத்தில் ஜல்லியின் தடம் பதிந்திருந்தது, அத்தனை நேரம் அழுத்திக் கேட்டிருக்கிறாய் என்பது மட்டும் ஞாபகம் இருந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவதாக வந்ததுதான் நம் கல்லூரிக் காலத்து ஸ்டேஷன். பெரிய வண்டி, நீளமான பிளாட்பாரம், கோடியில் சிமெண்ட் பெஞ்சு. கேட்ட பாடம் இங்கே கிடைக்காமல் இருவரும் விழுப்புரத்தில் போய்ச் சேர்ந்தோம், வேறு வேறு வகுப்பு. காலையில் நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காலை ஆட்டிக்கொண்டிருப்பாய். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு சிநேகிதி ஏறுவாள். நம் ஊரோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது என்பதில் உனக்கு அப்படி ஒரு பெருமை. பிளாட்பாரக் கோடியில் வண்டியை மறித்து நிற்கும் சிவப்புக் கட்டையைக் காட்டிச் சொல்வாய்: "இதுக்கு மேல எங்கயும் போவ முடியாது. இங்கேர்ந்து போற வண்டி எல்லாம் இங்கியேதான் திரும்பி வந்தாவணும்."

ஒரு காலத்தில் அதற்கு அப்பாலும் தண்டவாளம் இருந்தது, கப்பல் சரக்கு ஏற்ற கடல்வரைக்கும் போனது என்று உங்கள் வீட்டில் சொல்வார்களே, அதை நான் ஞாபகப்படுத்தினால் மட்டும் உனக்குப் பிடிக்காது. "அது சரக்கு வண்டி. ஆளுங்களுக்கு இல்ல" என்று பேச்சை முடித்துவிடுவாய்.

இன்று அந்தச் சிமெண்ட் பெஞ்சைத் தேடினேன். இல்லை. அது இருந்த இடத்தை வளைத்துத் தகரம் அடித்திருந்தார்கள். இரண்டு தகரத்துக்கு நடுவே ஒரு இடைவெளி. எட்டிப் பார்த்தேன். ஈரமான பள்ளம், பழைய செங்கல் சுவரின் ஒரு துண்டு, அதன் அடியில் மண்ணுக்குள் பாதி புதைந்த துருப்பிடித்த தண்டவாளம். குட்டி வண்டிக் காலத்துத் துண்டாக இருக்கலாம். அது கடல் பக்கம் பார்த்துக் கிடந்தது.

அந்த அடைப்புக்கு எதிரேதான் புது இரும்பு நாற்காலிகள். அங்கே உட்கார்ந்து அவளுக்கு எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குழந்தையின் எடை எவ்வளவு, சளி இருக்கிறதா, என்ன மருந்து கொடுக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கையில் போன், மறு கையில் அவள் விரல்கள். ஒரு கணம்கூட விடவில்லை. யாரும் எங்கள் பக்கத்தில் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் எப்படிப்பட்ட அம்மா என்று உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு நாய் இருமினால்கூட எழுந்து போய்ப் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்.

வீட்டுக்கு வந்து கவுனைக் கழற்றும்போதுதான் கேட்டேன்.

"கர்ச்சீப் எங்கடி?"

"அக்காகிட்ட குடுத்துட்டேன்."

"எந்த அக்கா?"

"ஸ்டேசன்ல, தகரத்துகிட்ட நின்னாங்களே, அந்த அக்கா. தலையில துணி போட்டிருந்தாங்க. பல்லு மேல இன்னொரு பல்லு ஏறி ஒக்காந்திருந்துச்சு."

உன் தெத்துப்பல்லேதான். "எதுக்குடா குடுத்த?"

"எனக்கு எடம் போட. ஜன்னலாண்ட."

இவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாப்பா சொன்னதையும், உன் பல் அப்படித்தான் இருக்கும் என்பதையும் சொன்னேன். "ஸ்டேஷன்ல எவ்ளோ பேரு வராங்க போறாங்க. தெத்துப்பல்லு ஊர்ல ஒருத்திக்குத்தான் இருக்குதா? கொழந்தைய பாத்து ஏதோ ஒரு பொண்ணு வெளாடியிருக்கும்" என்றார்.

"எடம் போடறதுன்னா இன்னான்னு இவளுக்கு எப்டிங்க தெரியும்? இப்பல்லாம் போன்லயே சீட் எடுத்துடுறோம். யாரு கர்ச்சீப்ப போடுறாங்க?"

"நீதான் எப்பவாவது கதை சொல்லியிருப்ப."

"நான் சொன்னதே இல்ல."

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். பிறகு, "நீ இப்டி மூஞ்சிய வச்சிகினு இருந்தா கொழந்த பயந்துக்கும்மா" என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. அது வேறு பயம், ஆபரேஷன் பயம். ஊக்கை மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

உன்னைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. பேசினால் கர்ச்சீப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். உன் வகுப்பு முன்னால் முடிந்துவிடும். நீ முதலில் போய் வண்டியில் இடம் போட வேண்டும். அதற்குக் காலையிலேயே என் கைக்குட்டையை வாங்கி வைத்துக்கொள்வாய். "உன்னுத போட்டாத்தான் அது உன் எடம். என்னுத போட்டா ரெண்டும் என் எடம்னு சண்டைக்கு வருவாளுங்க" என்பாய். பதிலுக்கு உன்னுடையதை என்னிடம் கொடுத்துவிடுவாய், எனக்கு முகம் துடைக்க வேண்டுமே. மாலையில் நான் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறும்போது ஜன்னலோரம் என் கைக்குட்டை விரித்திருக்கும். அதன்மேல் நீ உள்ளங்கையை வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் "ஆள் வராங்க, ஆள் வராங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாய்.

கடைசியாக, அந்தத் திங்கட்கிழமை. நான் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தேன்; வெள்ளிக்கிழமை மாற்றிக்கொண்ட கைக்குட்டைகள் அப்படியே இருவரிடமும் இருந்தன. ராத்திரி நீயே கூப்பிட்டாய், அதிசயமாக. "நீ வரமாட்டேன்னு தெரிஞ்சும் பழக்கதோஷத்துல உன் கர்ச்சீப்ப போட்டுட்டேண்டி. ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. ஆளு எங்க, ஆளு எங்கன்னு. வரும், வரும்னு சொல்லிகினே நம்மூரு வரைக்கும் கொண்டாந்துட்டேன்." இருவரும் சிரித்தோம். அந்த வாரக் கடைசியில் உனக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் நீ இல்லை. உன்னைத் தூக்கிப் போனபோது பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். உன்னை வழியனுப்பிய இடம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை. அதனால் அந்தப் பெஞ்சுதான் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

என் கைக்குட்டை உன்னோடு போனது. உன்னுடையது என்னிடம் இருக்கிறது. பச்சைத் துணி, ஓரத்தில் நீயே போட்ட ஊசிப் பின்னல், ஒரு மூலையில் பொறுமை போய்ப் பாதியில் விட்டது. மூன்று வீடு மாறியும் தொலையவில்லை. சற்றுமுன் அதை எடுத்துப் பாப்பாவின் பையில், அவள் மருந்துகளுக்கு அடியில் வைத்தேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், சாயங்காலத்திலிருந்து ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. என் குழந்தைக்கு நீ எங்கே போக இடம் போட்டிருக்கிறாய்? உன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். நீ அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாய். அதுதான் என்னை இன்னும் நடுங்க வைக்கிறது. பல முறை எழுந்து போய் அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். அடித்துக்கொண்டிருக்கிறது, ஓடி வந்தவளுடையது மாதிரி.

இந்த ஊக்கைத் திறந்து மூடித் திறந்து மூடி உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. காலையில் நீ எனக்கு ஒருநாளும் இடம் போட்டதில்லை. வண்டி நம் ஊரில்தான் கிளம்புகிறது. பெட்டியெல்லாம் காலியாக நிற்கும். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அடிதடியெல்லாம் விழுப்புரத்தில், மாலை வண்டியில்தான். நீ கைக்குட்டை போட்டதெல்லாம் திரும்பி வருகிற வண்டியில். வீட்டுக்கு வர. இத்தனை வருஷத்தில் எனக்கு இது தனியாகத் தோன்றியதே இல்லை.

அப்படியென்றால் நான் பயப்பட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி முடிந்து, நெஞ்சில் கட்டோடு அவள் திரும்பி வரும் வண்டியில், ஜன்னலோரம் அந்த வாத்துக் கைக்குட்டை விரித்திருக்கும். எவ்வளவு கூட்டம் ஏறினாலும் அதன்மேல் வைத்த கையை நீ எடுக்க மாட்டாய். ஆள் வராங்க, ஆள் வராங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பாய்.

அதுதானா? இல்லை, அந்தப் பள்ளத்தில் கிடக்கும் தண்டவாளத்தில் ஏதாவது வண்டி ஓடுகிறதா?

எந்த வண்டி என்று மட்டும் சொல். பாப்பாவின் கனவில் வராதே, என் கனவில் வந்து சொல். நாளை ஒரு ராத்திரிதான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.