வெறும் வயிற்று நடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் நலமா? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம்.

உன் இரண்டாவது ஸ்கேன் முடிவைச் சொன்னார்கள். ஈரலில் கொழுப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லையாம். இப்படியே இருந்தால் அதில் ஒரு பகுதியை எடுத்து உன் அத்தானுக்கு வைக்க முடியாதாம். என் ரத்த வகை அவருக்குச் சேர்ந்திருந்தால் உன்னிடம் வந்து நின்றிருப்பேனா?

உணவு ஆலோசகர் அம்மா உன் முன்னால்தானே சொன்னார்? "சாப்பிட்டுட்டு நடந்தா உடம்பு முதல்ல அந்தச் சாப்பாட்டைத்தான் எரிக்கும். காலையில வெறும் வயித்துல நடங்க, சேர்த்து வச்ச கொழுப்புல கை வைக்கும். ஆனா வந்ததும் ரெண்டு பங்கா சாப்பிட்டா எல்லாம் வீண்" என்று. நீயும் தலையைத் தலையை ஆட்டினாய். தையல் கூடத்தில் துணி வெட்டிக்கொண்டே, என் தம்பி அத்தானுக்காக விடியுமுன் எழுந்து நடக்கிறான் என்று பீற்றிக்கொண்டேன். இப்போது கூட வேலை செய்பவர்கள் விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நேற்று உன் வீட்டுக்காரி கூப்பிட்டு அழுதாள். ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிய உன் பின்னாலேயே ஒரு நாள் வந்தாளாம். நீ பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து வெண்ணெய் பன் தின்றுகொண்டிருந்தாயாம். "பசிக்குச் சாப்பிடற மாதிரி இல்ல அண்ணி, மருந்து முழுங்கற மாதிரி முழுங்கினாரு" என்றாள்.

வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலை வீசி எறிந்தேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோமே! அந்த நேரத்தில் வேறு ஆளைத் தேடியிருப்போமே!

அத்தானிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். "வயித்தைக் கிழிக்கணும்னா யாருக்குத்தான் பயமா இருக்காது? உன் மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்ல அவனுக்கு மனசு வரல. விடு" என்கிறார்.

டாக்டரிடம் பேசி உன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அத்தானின் அண்ணன் மகன் பரிசோதனைக்கு வருகிறேன் என்றிருக்கிறான். சேருமோ சேராதோ, தெரியாது.

என் கோபம் தீரவில்லை. இப்போதைக்குத் தீராது. ஆனால் சாயங்காலமானால் "மச்சான் வரலையா?" என்று அவர் வாசலைப் பார்க்கிறார். லீவு போட்டுவிட்டு வா. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

நீ நன்றாயிருக்க வேண்டும். நாள் கடத்தாதே, தம்பி.

உன் அக்கா