சந்தா சேர்க்க நான் சொல்லும் யோசனை

செங்கல்பட்டு,
செவ்வாய்க்கிழமை.

வான்தேன் சாட்டிலைட் ரேடியோ கம்பெனியின் மண்டல விற்பனை மேலாளர் உயர்திரு தீனதயாளன் அவர்களுக்கு, உங்க பெண்டாட்டி பூங்கொடி வணக்கம் சொல்லி எழுதறது. நாங்க இங்க சுகம்னு ஆரம்பிக்கத்தான் ஆசை. பொய் எழுத கை வரல.

இந்தக் காலத்துல கடிதாசியான்னு சிரிப்பீங்க. போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்னு வைக்கறீங்க. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா அதை வேகமா ஓட விட்டுக் கேட்டுட்டு, கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்பறீங்க. காகிதத்தை அப்படி ஓட விட முடியாது. அதான் பெங்களூரு ஆபீஸ் விலாசத்துக்கே கூரியர்ல அனுப்பறேன்.

போன வாரம் நீங்களா ஒரு தடவை கூப்பிட்டீங்க. அதிசயமா இருக்கே, பொண்ணைப் பத்திக் கேக்கத்தான் போலன்னு அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்து எடுத்தேன். தீபாவளிக்குள்ள ஐந்நூறு புது சந்தாதாரர் சேர்க்கணுமாம். நாலு பேரோட பழகறவ நீ, ஏதாவது யோசனை இருந்தா சொல்லுன்னீங்க. ரேணு பேரு உங்க வாயில வரவே இல்ல. அன்னிக்கு சரின்னு சொல்லி போனை வச்சுட்டேன். இப்போ சொல்றேன், கேட்டுக்குங்க.

பதினோரு வருஷமா ஜவுளிக்கடையில நின்னு புடவை விக்கறவ நான். வாங்கு வாங்குன்னு சொன்னா எவளும் வாங்க மாட்டா. புடவையை விரிச்சுப் போட்டுட்டு நாம வாயை மூடிக்கணும். எடுத்துத் தோள்ல போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னுட்டான்னா அப்புறம் அவளே பில் போடச் சொல்லுவா. மாமல்லபுரம் பக்கம் கடலுக்குப் போறவங்களுக்கு செல்போன் டவர் கொஞ்ச தூரத்துலயே நின்னுடுது. உங்க ரேடியோ வானத்துல இருந்து நேரா வருதுன்னு நீங்கதானே பெருமை பேசுவீங்க? நாலு படகுக்கு ஒரு மாசம் சும்மா கொடுங்க. டூரிஸ்ட் கார் ஓட்டறவங்க பத்து பேருக்குக் கொடுங்க. நடுவுல விளம்பரமே இல்லாம பாண்டிச்சேரி வரைக்கும் பாட்டு வந்தா, பின்னால உக்காந்திருக்கறவங்களே இது எங்க வாங்கினதுன்னு கேப்பாங்க. இதைப் போன வருஷமே சொன்னேன். புடவைக் கடைக்காரிக்கு இதெல்லாம் இன்னா தெரியும்னு சொல்லிட்டுப் போனீங்க.

உங்களுக்கு அதைவிட சுலபமா ஒண்ணு கிடைச்சுது. நம்ம ரேணுவோட மஞ்சள் நீராட்டு விழா.

வைகாசியில நடந்ததை நான் உங்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு, ஏன்னா உங்களுக்கு அது வேற மாதிரி ஞாபகம் இருக்கு. சீர்வரிசையில தாய்மாமன் தட்டுதான் முதல்ல வரணும். என் தம்பி ரஞ்சித்குமார் ஆறு மாசம் லோடு வண்டி ஓட்டி, காஞ்சிபுரம் போய் எடுத்துட்டு வந்த பட்டுப்புடவை. அதுக்கு முன்னால உங்க ரேடியோ பெட்டி, சுத்தியும் மல்லிப்பூ வச்சு, ஜம்முனு ஒரு தட்டுல வந்துச்சு. "இன்னாம்மா, மாமன் சீருல ரேடியோ கீது?" என்று அப்பாசாமி பெரியப்பா சபையில சத்தமா கேட்டார். என் தம்பி தட்டை வச்சுட்டு, கை நனைக்காம போயிட்டான். வேலை இருந்திருக்கும்னு சொல்லிட்டீங்க.

மொய் எழுதற மேசையை ஒட்டினாப்பல இன்னொரு மேசை போட்டு, உங்க ஆபீஸ் ஹேமந்தை உக்கார வச்சீங்க. நம்ம ஜனங்களுக்கு அது என்னன்னு தெரியுமா? அதுவும் மொய்ல ஒரு பாகம்னு நினைச்சு வரிசையில நின்னு பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் சொன்னாங்க. எழுதாம போனா மரியாதையா இருக்காதேன்னு பயம். பெரியப்பாவுக்கு ஒரு காது சுத்தமா கேக்காது, இன்னொண்ணு கத்தினாத்தான் கேக்கும். அவரும் உங்க சந்தாதாரர். ஒரே நாள்ல அறுபத்திரெண்டு பேர்னு அன்னிக்கு நீங்க குதிச்ச குதியை, ரேணு பொறந்த அன்னிக்குக்கூட நான் பாக்கல.

அதெல்லாம் போகட்டும். பந்தி முடிஞ்சதும் குழந்தை மடியில அந்தப் பெட்டியை வச்சு, நெத்திச்சுட்டிக்கு மேல ஹெட்போனை மாட்டி, சிரிம்மான்னு சொன்னீங்க. அப்பா சொன்னாரேன்னு சிரிச்சா. ஆல்பத்துக்குன்னு நினைச்சா. நானும் அப்படித்தான் நினைச்சேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

விசேஷத்துக்கு பேனர் வைக்கறது ஊர் வழக்கம்தான், நான் இல்லைன்னு சொல்லல. நாமளும் தெரு முனையில வச்சோம். மூணாம் நாள் சுருட்டிக் கோழிக்கூண்டு மேல போட்டாச்சு. உங்க கம்பெனி போர்டு ரெண்டு மாசமா நிக்குது. ஊரப்பாக்கத்துல ஒண்ணு. கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோ முதுகுல எல்லாம் அவ முகம். அது போதாதுன்னு, அவ ஸ்கூல் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரில, மூணு ஆள் உயரத்துக்கு. "எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தது வான்தேன்" என்று கீழே கொட்டை எழுத்து. அவ வயசுக்கு வந்த சேதியைச் சொந்தக்காரங்களுக்குச் சொன்னோம். நீங்க ஜில்லாவுக்கே சொல்லிட்டீங்க.

பஸ் ஸ்டாப்ல பசங்க அவளை ரேடியோன்னு கூப்பிடறாங்களாம். ஒரு பாட்டு போடேன்னு பின்னாடியே வராங்களாம். பத்தொன்பது நாளா அவ ஸ்கூலுக்குப் போகல. வயித்து வலின்னு சொன்னா, நானும் முதல் ரெண்டு நாள் வெந்தயம் கொடுத்தேன். அப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. டீச்சர் போன் பண்ணி, நல்லா படிக்கற பொண்ணு, பரீட்சை வருது, இப்படியே போனா கஷ்டம்னு சொன்னாங்க. கணக்குல தொண்ணூறுக்குக் குறையாதவ, இப்ப ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா.

உங்ககிட்ட மூணு தடவை கெஞ்சினேன். முதல் தடவை, சின்ன விஷயத்தைப் பெருசாக்காதேன்னீங்க. ரெண்டாம் தடவை, ஊரே நம்ம பொண்ணைப் பாக்குது, பெருமைப்படுன்னீங்க. மூணாம் தடவை, தீபாவளி வரைக்கும் விளம்பரத்துல கை வைக்க முடியாது, மேலிடத்துல கேட்டா என் பதவிக்கு ஆபத்துன்னீங்க. அந்த மண்டல மேலாளர் பதவியும் பெங்களூரு மாத்தலும் போர்டு வச்ச பிறகு, அவ படத்தாலதானே வந்துச்சு? பெத்த பொண்ணு முகத்தைக் காட்டி வாங்கின நாற்காலி உறுத்தலையா உங்களுக்கு?

நேத்து சாயங்காலம் தலை வாரி விடும்போது ரேணு கேட்டா. "அம்மா, நான் வளந்து முகம் மாறிட்டா அப்போ எடுத்துடுவாங்களா?" அப்பாகிட்ட சொல்லுன்னு அவ இப்பல்லாம் கேக்கறதில்ல. அதுதான் எனக்குத் தாங்கல. அவ தூங்கப் போன பிறகு அழுதேன், எழுதறதுல என்ன வெக்கம்.

அதனால ஒரு முடிவு எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நானும் ரஞ்சித்தும் ஏணியும் அரிவாளும் எடுத்துட்டுப் போய் பஸ் ஸ்டாப் போர்டை அறுத்து இறக்கறோம். அன்னிக்குச் சாப்பிடாம போனவன், நான் ஒரு வார்த்தை சொன்னதும் வரேன்க்கான்னான். கடைக்கு வந்த ஹேமந்த் கிட்டயும் மறைக்காம சொன்னேன். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, பயந்துட்டார். கம்பெனி சொத்துக்குச் சேதம் வந்தா போலீஸ்ல புகார் கொடுக்கணும், கையெழுத்துப் போட வேண்டியவர் மண்டல மேலாளர்தான் அக்கான்னார்.

இந்தக் கூரியர் வியாழக்கிழமை உங்க கையில இருக்கும். ஒரு போன் பண்ணி நீங்களே இறக்கச் சொல்ல ரெண்டு முழு நாள் இருக்கு. முடியலைன்னா புகாரைத் தாராளமா எழுதுங்க, எனக்குக் கோபம் இல்ல. என் பேரை மட்டும் தப்பில்லாம போடுங்க. பூங்கொடி, வயது முப்பத்தெட்டு, செங்கல்பட்டு. அதுக்கு அடுத்தாப்பல கணவர் பெயர்னு ஒரு இடம் வரும். அங்க என்ன எழுதறதுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

வேளைக்குச் சாப்பிடுங்க. எங்க இருந்தாலும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
ரேணுவின் அம்மா
பூங்கொடி